குளிர் இறங்கும் மாலைக்கு எந்தக் கேசரோல்? ஐந்து உணவுகள், ஓர் ஒப்பீடு

அக்டோபர் கடைசி ஞாயிறு பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும், நவம்பர் முதல் ஞாயிறு கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அன்றிலிருந்து லண்டனில் மாலை நாலே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். டொராண்டோவில் ஐந்து மணி வாக்கில். வேலை முடிந்து இருட்டில் வீடு வந்து சேருகிறவர்களுக்குச் சூடாக, வயிறு நிறைகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அந்த ஊர்க்காரர்கள் இதற்குக் கண்டுவைத்திருக்கும் வழி கேசரோல். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, ஓவனுக்குள் வைத்து, வேகும் வரை காத்திருந்து, அதே பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவருவது.

சிக்கல் என்னவென்றால் தேர்வுதான். செய்முறைகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, எல்லாமே 'எளிது', எல்லாமே 'இதமானது'. குளிர்நாடுகளில் வாழும் நம்மவர்கள் வீடுகளில் இன்னும் சில கேள்விகள் சேர்ந்துகொள்கின்றன. வீட்டில் ஒருவர் மாடு சாப்பிடமாட்டார், இன்னொருவர் பன்றி தொடமாட்டார், புரட்டாசி என்றால் கவிச்சியே கிடையாது, அப்பாவுக்கு ரத்த அழுத்தம், பாட்டிக்குப் பால் சேராது. எதைச் செய்வது என்று யோசித்தே நேரம் போய், கடைசியில் பீட்சா வரவழைப்பதுதான் நடக்கிறது.

ஆகவே, ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும் ஐந்தை எடுத்துக்கொண்டேன்: இங்கிலாந்தின் லங்காஷயர் ஹாட்பாட், அமெரிக்க மினசோட்டாவின் டேட்டர் டாட் ஹாட்டிஷ், தென்பிரான்சின் கஸூலே, வட அமெரிக்கப் பேரேரிகள் பக்கத்துக் கோழி – காட்டரிசி கேசரோல், கடைசியாகச் சைவத்துக்கு உருளைக்கிழங்கு – பூசணி கிராட்டன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது நேரம். இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் கத்தியும் கரண்டியுமாக நிற்கிற நேரம் ஒன்று. ஓவன் தன்பாட்டில் வேலை செய்கிற நேரம் இன்னொன்று. இரண்டையும் கூட்டி 'மூன்று மணி நேரம்' என்று போட்டுவிடுவதால்தான் பலர் நல்ல உணவுகளைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் நாற்பது நிமிடம்தான் உங்களுடையது என்றால் அது உண்மையில் சுலபமான சமையல். ஆனால் அந்த நேரம் முழுக்க நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அலுவலகம் முடிந்து ஆறரை மணிக்கு வருகிற நாளில் அது நடக்காது.

இரண்டாவது செலவு. இறைச்சி விலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஓவன் மின்சாரம் தெரிவதில்லை. மின்சார ஓவன் நடுத்தரச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் ஓடும் உணவை நாலு பேருக்கு மட்டும் செய்வதைவிட, எட்டுப் பேருக்கான அளவில் செய்து பாதியை எடுத்துவைப்பது புத்திசாலித்தனம். இன்னொரு பக்கமும் உண்டு: குளிர்காலத்தில் ஓவன் விடும் சூடு வீணாவதில்லை, அடுக்களைதான் வெதுவெதுப்பாகிறது.

மூன்றாவது, முன்கூட்டியே செய்துவைக்க முடியுமா, ஃப்ரீசரில் தாங்குமா. நான்காவது, மேசையில் யார் யார் உட்காருகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த நான்காவதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சுவையைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் ஐந்துமே நன்றாக இருக்கும்.

| உணவு | கைவேலை | ஓவன் நேரம் | செலவு | ஃப்ரீசரில் | யார் சாப்பிடலாம் |
|---|---|---|---|---|---|
| லங்காஷயர் ஹாட்பாட் | 40 நிமிடம் | இரண்டரை முதல் மூன்று மணி | நடுத்தரம் | கறி மட்டும் தாங்கும், கிழங்கு தாங்காது | மாடு, பன்றி, பால் மூன்றும் தவிர்ப்பவர்கள் |
| டேட்டர் டாட் ஹாட்டிஷ் | 20 நிமிடம் | 45 நிமிடம் | குறைவு | சுடாமல் வைத்தால் தாங்கும் | குழந்தைகள். உப்பு குறைக்க வேண்டியவர்களுக்கு ஆகாது |
| கஸூலே | இரண்டு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் | மூன்று முதல் நான்கு மணி | அதிகம் | நன்றாகத் தாங்கும் | விருந்தினர் கூட்டம். வழக்கமான செய்முறையில் பன்றி உண்டு |
| கோழி – காட்டரிசி | 35 நிமிடம், அரிசி வேகத் தனியாக ஒரு மணி | 40 நிமிடம் | நடுத்தரம் | நன்றாகத் தாங்கும் | மாடு, பன்றி தவிர்ப்பவர்கள், வேலைநாள் குடும்பங்கள் |
| கிராட்டன் | 25 நிமிடம் | ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி | குறைவு | தாங்காது | சைவர்கள். பால் சேராதவர்களுக்கு ஆகாது |

## லங்காஷயர் ஹாட்பாட்

வடமேற்கு இங்கிலாந்தின் பருத்தி ஆலை நகரங்களோடு சேர்த்தே பேசப்படும் உணவு இது. மலிவான ஆட்டுக்கறி, வெங்காயம், மேலே ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிய உருளைக்கிழங்கு வில்லைகள். அவ்வளவுதான். சிப்பி மலிவாகக் கிடைத்த காலத்தில் அதையும் உள்ளே போட்டார்கள். ஆட்டுச் சிறுநீரகம் சேர்ப்பவர்கள் இப்போதும் உண்டு.

நாலைந்து பேருக்கு ஒரு கிலோ கறி, மூன்று பெரிய வெங்காயம், ஒரு கிலோ உருளைக்கிழங்கு, அரை லிட்டர் ஸ்டாக் (எலும்பு வேகவைத்து வடித்த சாறு), இரண்டு மேசைக்கரண்டி மாவு, கொஞ்சம் தைம், ஒரு பே இலை போதும். கறியில் உப்பும் மிளகும் மாவும் புரட்டி, சிறிது சிறிதாகப் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது. வெங்காயத்தை வதக்கி, எல்லாவற்றையும் பாத்திரத்தில் அடுக்கி, ஸ்டாக்கை ஊற்றி, மேலே மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவிய கிழங்கை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி வைத்து, மூடிவிடுங்கள். 160 டிகிரியில் (இங்கே டிகிரி எல்லாமே செல்சியஸ்) இரண்டு மணி நேரம். பிறகு மூடியை எடுத்துவிட்டு, கிழங்கின் மேல் எண்ணெயோ உருக்கிய வெண்ணெயோ தடவி, 200 டிகிரியில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. ஓரம் மொறுமொறுவென்று நிறம் மாறியதும் எடுக்கலாம். பால் சேராதவர் இருந்தால் எண்ணெய்தான்.

கறி எந்தப் பகுதி என்பதில்தான் இந்த உணவின் வெற்றி தோல்வி இருக்கிறது. கழுத்து அல்லது தோள்பட்டை. இந்தப் பகுதிகளில் சவ்வும் நாரும் அதிகம். அவற்றிலிருக்கும் கொலாஜன் மெதுவான சூட்டில் மணிக்கணக்கில் வேகும்போது ஜெலட்டினாக மாறி, கறியை மெத்தென்று ஆக்கி, குழம்புக்கும் வழவழப்பைக் கொடுக்கிறது. விலை கூடிய தொடைக்கறியை வாங்கிப் போட்டால், கொழுப்பும் நாரும் இல்லாததால் இரண்டு மணி நேரத்தில் சக்கையாகிவிடும். மலிவான பகுதிதான் இங்கே நல்ல பகுதி.

தமிழ்க் கடைகளில் 'மட்டன்' என்று கேட்டால் பெரும்பாலும் வெள்ளாட்டுக்கறி, அதுவும் கறிக்குழம்புக்கு வெட்டிய சின்னத் துண்டுகள் கிடைக்கும். வெள்ளாடு தாராளமாகச் சரிப்படும். ஆனால் செம்மறியைவிடக் கொழுப்பு குறைவு, வேக அரை மணியிலிருந்து முக்கால் மணி கூடுதலாகும். துண்டு இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டித்தரச் சொல்லுங்கள். குழம்புக்கறி அளவில் வெட்டினால் உள்ளே எலும்புச் சில்லுகள் கலந்துவிடும், குழந்தைகளுக்கு ஆபத்து.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் இரண்டு. ஒன்று கொழுப்பு. செம்மறிக் கழுத்தில் அது நிறைய. கிழங்கை அடுக்கிய பிறகு மேலே மிதக்கும் எண்ணெயை எடுக்க முடியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. கறியை மட்டும் முந்தின நாளே ஒன்றரை மணி நேரம் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், கொழுப்பு மேலே வெள்ளையாகக் கட்டி நிற்கும், கரண்டியால் அள்ளிப்போட்டுவிடலாம். மறுநாள் கிழங்கை அடுக்கி, மூடி போட்டு முக்கால் மணி, திறந்து அரை மணி. இப்படிச் செய்வதில் சுவையும் ஏறுகிறது. இரண்டாவது செலவு ஃப்ரீசர். வெந்த கிழங்கு வில்லைகள் உறைந்து இளகினால் மணல்மணலாக, நீர்த்துப் போகும். கறியை மட்டும் உறையவைத்து, கிழங்கைச் சாப்பிடும் நாளில் புதிதாக அடுக்குவதுதான் சரி.

இதில் கரம் மசாலா போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. போடலாம், ஆனால் அப்போது கிடைப்பது ஓவனில் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு. ஹாட்பாட்டின் சுகம் அதன் சாந்தத்தில்தான் இருக்கிறது: கறியும் வெங்காயமும் மிளகும் மட்டும். காரம் வேண்டுமென்றால் மிளகை நொறுக்கிக் கூடுதலாகப் போடுங்கள். லங்காஷயரில் பக்கத்தில் ஊறவைத்த சிவப்பு முட்டைகோஸ் வைப்பார்கள். அந்தப் புளிப்பு கொழுப்பின் திகட்டலை வெட்டும். நம் வீட்டு எலுமிச்சை ஊறுகாயும் அதே வேலையைச் செய்யும், நன்றாகவே செய்யும்.

எப்போது இதுதான் சரி: ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பின் வீட்டில்தான் இருக்கப்போகிறீர்கள்; மாடும் பன்றியும் பாலும் இல்லாமல் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட வேண்டும். ஐந்தில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளப்போகிறேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

எப்போது வேண்டாம்: வேலைநாள் மாலை.

## டேட்டர் டாட் ஹாட்டிஷ்

மினசோட்டாவிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் கேசரோலை ஹாட்டிஷ் என்பார்கள். தேவாலயக் கூட்டு விருந்துகளின் நிரந்தர உணவு. அடியில் வதக்கிய மாட்டுக் கொத்துக்கறி, நடுவில் உறைந்த காய்கறி, மேலே ஒரு டின் கெட்டியான காளான் சூப், எல்லாவற்றுக்கும் மேல் டேட்டர் டாட் என்கிற சிறிய உருளைக்கிழங்கு உருண்டைகள்.

இதிலுள்ள இரண்டு முக்கியப் பொருட்களும் தொழிற்சாலையில் பிறந்தவை. கேம்பல்ஸ் நிறுவனம் காளான் கிரீம் சூப்பை 1934-இல் கொண்டுவந்தது. ஓர்-ஐடா நிறுவனம் பொரியல் கிழங்கு வெட்டியபின் மிஞ்சிய துண்டுகளை என்ன செய்வது என்று யோசித்து 1953-இல் டேட்டர் டாட்டை உருவாக்கியது. நன்றி தெரிவித்தல் நாளில் அமெரிக்க மேசைகளில் தவறாமல் வரும் பச்சை பீன்ஸ் கேசரோலும் அதே சூப்பின் பிள்ளைதான். 1955-இல் கேம்பல்ஸ் சமையற்கூடத்தில் டோர்கஸ் ரைலி உருவாக்கியது.

வேகம்தான் இதன் பலம். அரைக் கிலோ கொத்துக்கறியை வெங்காயத்தோடு வதக்க பத்து நிமிடம்; அடுக்கி 200 டிகிரியில் 45 நிமிடம். மாட்டுக்குப் பதில் வான்கோழிக் கொத்துக்கறியோ கோழியோ போடலாம், குறையொன்றும் இல்லை; கொழுப்பு குறைவு என்பதால் ஒரு கரண்டி எண்ணெய் கூட்டிக்கொள்ளுங்கள். டேட்டர் டாட்டை உறைநிலையிலேயே, ஒற்றை வரிசையாக அடுக்க வேண்டும். இளகவிட்டு அடுக்கினால் மொறுமொறுப்பு வராது.

பலவீனம் உப்பு. வழக்கமான காளான் சூப் டின் ஒன்றில் 2,000 மில்லிகிராமை ஒட்டிச் சோடியம் இருக்கும். ஒரு பெரியவர் நாள் முழுக்க எடுக்கும் சோடியமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டின்னை நாலு பேர் பகிர்ந்தாலும், டேட்டர் டாட்டில் உள்ள உப்பும் மேலே தூவும் சீஸும் சேர்ந்து கணக்கு ஏறிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் டின்னை விட்டுவிடுங்கள். மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு கைப்பிடி நறுக்கிய காளானை வதக்கி, மூன்று மேசைக்கரண்டி மைதாவைச் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கிளறி, 350 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் அதே வேலை முடியும். பத்து நிமிடம் கூடும். உப்பு உங்கள் கையில் இருக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் டூனா – நூடுல்ஸ் கேசரோல்: டின் மீன், முட்டை நூடுல்ஸ், அதே சூப். அலமாரியில் இருப்பதை வைத்தே செய்துவிடலாம் என்பது ஒன்றுதான் அதற்கு நான் கொடுக்கும் மதிப்பெண். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். மறுநாள் நூடுல்ஸ் ஊறிக் களியாகிவிடும்.

எப்போது இதுதான் சரி: செவ்வாய் மாலை, பசியோடு குழந்தைகள், ஒரு மணி நேரம் அவகாசம். குழந்தைகளையே டேட்டர் டாட்டை அடுக்கச் சொல்லலாம்.

எப்போது வேண்டாம்: மறுநாளுக்கும் வைத்துச் சாப்பிடும் எண்ணம் இருந்தால். மைக்ரோவேவில் சுடவைத்தால் மேல்பகுதி சொதசொதவென்று போய்விடும். ஓவனில் இருபது நிமிடம் வைத்தால்தான் ஓரளவு மீளும்.

## கஸூலே

தென்மேற்குப் பிரான்சில் காஸ்தெல்நோதரி, கர்காசோன், துலூஸ் என்ற மூன்று ஊர்களும் தத்தம் கஸூலேதான் அசல் என்று உரிமை கொண்டாடுகின்றன. வெள்ளை பீன்ஸ், தன் கொழுப்பிலேயே மெதுவாக வெந்த வாத்துக்கால், பன்றித்தோல், தொத்திறைச்சி எல்லாம் கசோல் என்ற அகன்ற மண் பாத்திரத்தில் மணிக்கணக்கில் வேகும். மேலே படியும் ஏட்டை உள்ளே அமுக்கிவிட்டு மீண்டும் ஏடு படியவிடுவார்கள். ஏழு முறை அமுக்க வேண்டும் என்பது அங்கே வழங்கும் சொல். இரண்டு மூன்று முறையே நல்ல பலன் தரும்.

ருசியில் இதற்கு ஈடாக மற்ற நான்கையும் சொல்ல மாட்டேன். ஆனால் செலவிலும் உழைப்பிலும் இதுதான் கனமானது. வாத்துக்கால் டின் விலை உயர்ந்தது, பீன்ஸை முந்தின இரவே ஊறப்போட வேண்டும், வேகவைத்து, வறுத்து, அடுக்கி, நான்கு மணி நேரம் ஓவன் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு பேருக்குக் குறைவாக என்றால் செய்யவே வேண்டாம்.

பன்றி சாப்பிடாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. துலூஸ், கர்காசோன் வகைகளில் ஆட்டுக்கறி சேரும் வழக்கம் பழையது. வாத்தும் ஆட்டுத் தோள்பட்டையும் ஆட்டுத் தொத்திறைச்சியும் வைத்துச் செய்தால் நல்ல கனமான கஸூலே வரும். பன்றித்தோல் தரும் பசைத்தன்மைக்கு ஓர் ஆட்டுக்கால் போட்டு வேகவிடலாம்.

பீன்ஸில் கவனம் வேண்டும். லண்டன் போன்ற கடினநீர் ஊர்களில் பீன்ஸ் வேகத் தாமதமாகும். வேகவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். தக்காளி போன்ற புளிப்பை பீன்ஸ் முழுக்க மெத்தென்றான பிறகே சேர்க்க வேண்டும், முன்னால் சேர்த்தால் தோல் விறைத்தே நிற்கும். வெள்ளை பீன்ஸ் இல்லையென்று ராஜ்மாவைப் போடுகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கக் கொதிக்க வேகவிடாமல் ஓவனிலோ ஸ்லோ குக்கரிலோ வைக்கக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு குறைந்த சூட்டில் அழிவதில்லை. கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நம் பிரஷர் குக்கரில் முதலில் வேகவைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

எப்போது இதுதான் சரி: நீண்ட வார இறுதி, எட்டுப் பேர் விருந்து, வெளியே மழை. முழுவதையும் முந்தின நாளே செய்து மறுநாள் சுடவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். விருந்து நாளில் உங்களுக்கு வேலையே இருக்காது.

## கோழி – காட்டரிசி கேசரோல்

இலையுதிர் காலத்துக்கே உரிய உணவு இது. காட்டரிசி நம் நெல்லுக்கு உறவான ஒரு நீர்ப்புல்லின் விதை. வடக்கு மினசோட்டா, விஸ்கான்சின், ஒன்டாரியோ, மனிடோபா ஏரிகளில் விளைவது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் இதை மனோமின் என்கிறார்கள்; ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் தோணியில் போய், தாள்களை வளைத்து, மரக்குச்சியால் தட்டி விதையைத் தோணிக்குள் உதிர்ப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் தானியம் அல்ல. முன்னோர் கிழக்கிலிருந்து மேற்காக நடந்து, நீரின்மேல் உணவு விளையும் இடத்தைத் தேடி வந்து சேர்ந்ததன் அடையாளம்.

வாங்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது, ஏனென்றால் கடையில் கிடைப்பது இரண்டு வகை. வயலில் பயிரிட்டு இயந்திரத்தால் அறுத்தது கறுப்பாக, பளபளப்பாக இருக்கும், மலிவு, வேக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஏரியில் கையால் அறுத்து விறகில் வறுத்தது மங்கலான பழுப்பாக இருக்கும். விலை இரண்டு மூன்று மடங்குகூட இருக்கலாம். ஆனால் அரை மணிக்குள் வெந்து மலர்ந்துவிடும், வாசனையும் கூடுதல். முடிகிறவர்கள் அந்தச் சமூகங்களிடமிருந்தே வாங்குங்கள். 'வைல்ட் ரைஸ் கலவை' என்று அட்டைப்பெட்டியில் வருவதில் பெரும்பகுதி சாதாரண அரிசிதான், கூடவே உப்புப் பொட்டலம் வேறு.

மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதன் மென்று தின்னும் பதம் உடனே பிடித்துவிடும்.

ஒரு கப் காட்டரிசியைத் தனியாக வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது: அரைவேக்காட்டு அரிசியைப் போட்டால் ஓவனில் அது வேகாது, கல்லாகவே இருக்கும். விதை பிளந்து உள்ளே வெள்ளை தெரிய வேண்டும். எலும்பில்லாத கோழித்தொடை 600 கிராமைச் சிவக்க வறுத்து, அதே சட்டியில் வெங்காயம், செலரி, கேரட், காளான் வதக்கி, மாவு தூவி, ஸ்டாக்கும் பாலும் ஊற்றி, குழம்பு கரண்டியில் ஒட்டுகிற பதம் வந்ததும் அரிசியோடு கலந்து, 180 டிகிரியில் 40 நிமிடம். நெஞ்சுக்கறி வறண்டுபோகும், தொடைதான் வேண்டும். கிரீமைத் தவிர்த்து மாவில் கெட்டியாக்கிய பால் குழம்பாகச் செய்தால் உறையவைத்து எடுத்தாலும் பெரிதாகத் திரியாது.

ஐந்தில் ஃப்ரீசருக்கு மிகவும் ஒத்துப்போவது இதுதான் என்பது என் கணிப்பு. உருளைக்கிழங்கும் நூடுல்ஸும் உறைந்தால் கெட்டுவிடுகின்றன. காட்டரிசி அசையாமல் அப்படியே இருக்கிறது. கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்களும், அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனும் நன்றி தெரிவித்தல் நாள். மிஞ்சுகிற வான்கோழிக் கறிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கோழிக்குப் பதில் அதைப் போட்டுவிடலாம், வறுக்கும் வேலையும் மிச்சம்.

ஓர் எச்சரிக்கை: வெந்த எந்த அரிசியையும் அடுப்பு மேடையில் இரவு முழுக்க விட்டுவைக்கக் கூடாது. அதில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

எப்போது இதுதான் சரி: இருவரும் வேலைக்குப் போகும் வீடு. ஞாயிறன்று கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், திங்கள் மாலை ஓவனில் வைப்பது மட்டும்தான் வேலை. குளிர்ந்த பாத்திரம் என்பதால் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது வேண்டாம்: சின்னக் குழந்தைகளுக்கு மெல்ல வராது, பல் பிரச்சினை உள்ள பெரியவர்களுக்கும் சிரமம்.

## உருளைக்கிழங்கு – பூசணி கிராட்டன்

சைவக்காரர்களுக்கு வெளிநாட்டுச் செய்முறைகளில் மறைந்திருக்கும் பொறிகள் அதிகம். பார்மிஜானோ ரெஜ்ஜியானோ என்ற பெயரில் விற்கும் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரெனெட் கட்டாயம் இருக்கும்; பாரம்பரிய குரூயேர் சீஸிலும் அப்படியே. வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி போன்ற மீன் இருக்கிறது. அமெரிக்கச் சர்க்கரைவள்ளிக் கேசரோலின்மேல் பரப்பும் மார்ஷ்மெல்லோவில் விலங்கு ஜெலட்டின், பெரும்பாலும் பன்றியிலிருந்து. 'காய்கறி கேசரோல்' என்ற தலைப்பை மட்டும் நம்பிச் செய்ய முடியாது.

இந்தச் சிக்கல்கள் எதுவுமில்லாதது தென்கிழக்குப் பிரான்சின் தோஃபினே பகுதிக் கிராட்டன். அசல் செய்முறையில் சீஸே இல்லை: உருளைக்கிழங்கு, பால், கிரீம், பூண்டு, சாதிக்காய். இலையுதிர் காலத்தில் பட்டர்நட் பூசணி மலிவாகக் கிடைப்பதால் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு மாற்றிக்கொண்டால் இனிப்பும் நிறமும் சேரும். பூசணியைப் பாதிக்கு மேல் போடாதீர்கள், தண்ணீர் விட்டுவிடும்.

சீவிய கிழங்கைக் கழுவக் கூடாது. அதிலுள்ள மாவுச்சத்துதான் பாலைக் கெட்டியாக்குகிறது. பாலும் கிரீமும் சரிபாதியாக அரை லிட்டர். பூண்டு போட்டுச் சூடாக்கி, உப்பைச் சற்றுத் தூக்கலாகப் போட்டு, ஒரு கிலோ கிழங்கு – பூசணி அடுக்கின்மேல் ஊற்றி, 160 டிகிரியில் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். எடுத்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் வெட்டும்போது அடுக்கு நிற்கும்.

இதன் குறை புரதம் குறைவாக இருப்பதே. இதை மட்டும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும். கொண்டைக்கடலைச் சுண்டலோ, பூண்டு தாளித்த பச்சைப்பயறோ பக்கத்தில் வேண்டும். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் போடுவதானால் ஒரு தேக்கரண்டி சோளமாவு கரைத்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நீண்ட சூட்டில் எண்ணெய் பிரிந்து நிற்கும்.

எப்போது இதுதான் சரி: புரட்டாசி சனிக்கிழமைகள். விரதம் முடிக்கும் நாட்கள் என்றால் சிலர் பூண்டும் தவிர்ப்பார்கள். அப்போது மிளகும் சாதிக்காயும் போதும்.

## இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு

குழந்தை பிறந்த வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் கேசரோல் கொண்டுபோய்க் கொடுப்பது வட அமெரிக்காவில் நல்ல வழக்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கோ அலுவலக நண்பருக்கோ என்றால் ஹாட்டிஷோ காட்டரிசியோ கொடுக்கலாம். பசும்பால், கோதுமை, காளான் எதுவும் ஒவ்வாதவர் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழர் துக்க வீடு என்றால் அங்கே பெரும்பாலும் கவிச்சி புழங்காது, கிராட்டன்தான் பொருத்தம். திருப்பித் தர வேண்டிய பாத்திரத்தில் கொடுத்து அவர்களுக்கு ஒரு வேலை வைக்காதீர்கள். அலுமினியத் தட்டில் கொடுத்து, எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் சுடவைக்க வேண்டும் என்று மூடியிலேயே எழுதிவிடுங்கள்.

## பாத்திரம்

எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம் இருந்தால்தான் கேசரோல் வரும் என்று நம்பி ஒரு மாதச் சேமிப்பைச் செலவழிக்க வேண்டாம். ஹாட்பாட்டுக்கும் கஸூலேக்கும் அது வசதிதான்: அடுப்பிலும் வறுக்கலாம், ஓவனிலும் வைக்கலாம். ஆனால் நிறைந்த பாத்திரம் ஏழெட்டுக் கிலோ வரும்; மூட்டுவலி உள்ளவர்கள் அதை ஓவனிலிருந்து தூக்குவது பாதுகாப்பில்லை. வாணலியில் வறுத்துவிட்டு, ஓவனுக்கேற்ற பீங்கானிலோ கண்ணாடியிலோ மாற்றிக்கொண்டால் ஐந்துமே செய்யலாம். மூடி இல்லையென்றால் அலுமினியத் தாளை இறுக்கி மூடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தை அடுப்புச் சுடரில் வைக்கக் கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனிலும் வைக்கக் கூடாது, வெடித்துவிடும்.

பாத்திரம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ஃப்ரீசருக்குள் வாரக்கணக்கில் முடங்கிவிடுகிறது என்றால் இப்படிச் செய்யலாம். பாத்திரத்தின் உள்ளே அலுமினியத் தாளை இரண்டு பக்கமும் தொங்கும்படி விரித்து, அதன்மேல் ஆறிய கேசரோலைப் பரப்பி உறையவிடுங்கள். கட்டியானதும் தாளைப் பிடித்து அப்படியே வெளியே தூக்கி, இன்னொரு தாளில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதி வைத்துவிடலாம். பாத்திரம் கைக்கு வந்துவிடும். மூன்று மாதத்துக்குள் ஒரு நாள், தாளை உரித்து அதே பாத்திரத்தில் வைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் இளகவிட்டு, நடுப்பகுதி 74 டிகிரி சூடேறும் வரை ஓவனில் வையுங்கள்.